கொள்ளளவும் கழிவும்: சேமிப்புத் தொகுதிகளின் கணக்கு பற்றி

கொட்டகலைப் பகுதித் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றவர்கள் ஒன்றை அறிவர். தராசு காட்டும் நிறையும் கணக்கப்பிள்ளை ஏட்டில் பதியும் நிறையும் ஒன்றல்ல. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு போகும். பின்னர் ஆலையில் ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்கும். முன்னையது மனிதர் விதித்தது. பின்னையது பொருளின் இயல்பு. இவ்வேறுபாட்டை உணர்ந்தோர்க்கு, ஒரே வன்தட்டுகளைக் கொண்ட கணினிச் சேமிப்புத் தொகுதிகள் வெவ்வேறு கொள்ளளவை அறிவிப்பது வியப்பளிக்காது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' போன்ற எண்ணிம ஆவணக் காப்பு முயற்சிகள் நம்மிடையே வேரூன்றியுள்ள நிலையில், இது பொறியியலாளர்க்கு மட்டும் உரிய விடயமுமன்று.

முதற்கண், அலகு பற்றிய குழப்பம். வன்தட்டு உற்பத்தியாளர் பத்தின் அடுக்குகளில் எண்ணுவர். அவர்தம் டெராபைட் ஒரு இலட்சம் கோடி பைட். கணினி மென்பொருள்கள் பல இரண்டின் அடுக்குகளில் எண்ணுவதால், அவற்றின் அலகு 1,09,95,11,627,776 பைட். கிலோ அளவில் 2.4 சதவீதமாயிருந்த வேறுபாடு டெரா அளவில் ஏறத்தாழ 10 சதவீதமாகிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1998இல் இரண்டாவது அலகுக்கு 'டெபிபைட்' எனத் தனிப்பெயர் வகுத்தும், பல திரைகள் பழைய பெயரையே காட்டுகின்றன. அமெரிக்காவில் இது வழக்குகளாகி, 2006இல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் 2007இல் சீகேட்டும் இணக்கத்துக்கு வந்தன. எனினும் இங்கு ஒரு பைட்டும் தொலைவதில்லை, எண்தான் மாறுகிறது.

மெய்யான கழிவு வேறிடத்தில் நிகழ்கிறது. 4 டெராபைட் தட்டுகள் எட்டைக் கொண்ட தொகுதியொன்றைக் கருதுவோம். விற்பனைத் தாளில் 32 டெராபைட். இரு தட்டுகள் பழுதாயினும் தரவு பிழைக்கவேண்டுமெனில் இரு தட்டின் இடம் பாதுகாப்புக்குப் போகும், எஞ்சுவது 24. கோப்பு முறைமை தனக்கென 10 சதவீதம் ஒதுக்கினால் (நெட்அப் தொகுதிகளில் நெடுங்காலம் இதுவே வழக்கு) மிகுவது 21.6. இதனையே டெபிபைட்டில் எண்ணும் திரை 19.6 எனக் காட்டும். இவை தவிர, 520 பைட் கொண்ட பிரிவுகளில் 512ஐ மட்டும் தரவுக்குவிட்டு எட்டைப் பிழையறிதலுக்கு வைக்கும் தொகுதிகளும், வெவ்வேறு உற்பத்தியாளரின் தட்டுகளை ஒரே அளவுக்குக் குறைத்துக் கணிக்கும் தொகுதிகளும் உள. ஒவ்வொரு நிறுவனமும் இப்படிகளுள் எதில் நின்று எண்ணைச் சொல்கிறது என்பதே வேறுபாட்டின் ஊற்று.

பாதுகாப்புக்கான இழப்பை ஏமாற்றென்பது தவறு; அஃது ஆலையில் இலை வாடுவது போன்றது. ஐயத்துக்குரியது 'பயனுறு கொள்ளளவு' என்னும் அண்மைக்கால எண். ஒரே தரவு மீளமீள வருவதை ஒருமுறை மட்டும் வைத்தும், சுருக்கியும், நான்கு மடங்கு கொள்ளும் என்கின்றனர். ஏற்கெனவே சுருக்கிய படக்கோப்புகளுக்கு இம்மடங்கு பெரும்பாலும் பொருந்தாது. இங்கு விற்கப்படுவது இடமன்று, வாங்குபவரின் தரவு பற்றிய ஊகம். பரிவர்த்தனைப் பெறுமதி பயன்பெறுமதியினின்று விலகிச் செல்வதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது.

நமது தேவையில் வைத்து நோக்குவோம். ஏ4 தாளொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளியில், வண்ணத்தில், சுருக்காது வருடினால் ஏறத்தாழ 26 மெகாபைட். 32 டெராபைட் என நம்பி வாங்கியவர் 12 இலட்சம் பக்கங்களை எதிர்பார்ப்பார். மேற்கண்ட தொகுதி 8 இலட்சத்துச் சொச்சத்தையே ஏற்கும். தோட்டப் பேரேடுகளிலும் தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்களிலும் எஞ்சிய 4 இலட்சம் பக்கம் எங்கே செல்லும்? ஆதலின் விலைமனுக் கோரும் நூலகமொன்று, பாதுகாப்பும் ஒதுக்கீடும் நீங்கிய அளவைப் பைட் எண்ணிக்கையில், சுருக்க மடங்கு சேர்க்காது, எழுத்தில் கேட்டுப் பெறுதல் வேண்டும்.