எண்ணும் பிள்ளைகளும் – 7: இருநூற்று மூன்று

எங்கள் தெருமுனையில், பிள்ளையார் கோயில் மதிலை ஒட்டினாற்போல், மாலை நான்கு மணிக்கெல்லாம் பூக்கூடையோடு வந்து உட்கார்ந்துவிடுகிற அம்மாளின் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேரே தாயிடம்தான் வருவாள். தாய் தொடுத்துக்கொண்டிருக்கும்போது விற்பனை முழுவதும் இவள் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை நான் நின்றுகொண்டிருந்த சமயம், ஒரு பெரியவர், முழம் முப்பது ரூபாய் விலையில் நான்கு முழம் மல்லிகை வாங்கி, இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினார். அந்தப் பெண் கழிக்கவில்லை. பூவைக் கையில் கொடுத்து "நூத்தியிருபது" என்றாள். பத்து ரூபாயை வைத்து "நூத்தி முப்பது" என்றாள். இருபதை வைத்து "நூத்தம்பது" என்றாள். ஐம்பதை வைத்து "இருநூறு" என்று முடித்துவிட்டு, அடுத்தவரைப் பார்த்தாள். மீதி எண்பது என்பதை அவள் வாயால் சொல்லவே இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அன்றைக்கே அவளுடைய கணக்கு நோட்டையும் பார்க்க நேர்ந்தது. எண்களைச் சொல்லச் சொல்ல எழுதும் பயிற்சி. பத்து எண்களில் ஆறுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்திருந்தது. இருநூற்று மூன்று என்பதற்கு 2003 என்றும், முந்நூற்று நாற்பது என்பதற்கு 30040 என்றும், நூற்றுப் பதினைந்து என்பதற்கு 10015 என்றும் எழுதியிருந்தாள். ஐந்நூறு என்பது 500 என்று சரியாக இருந்தது. கீழே, 'கவனம் தேவை' என்று ஒரு குறிப்பு. நாற்பது நோட்டுகளை ஒரே மாலையில் திருத்துகிற ஆசிரியையின் சிரமம் எனக்குத் தெரியாததல்ல. ஆயினும், கவனம் இல்லாத பிள்ளையின் பிழை ஒரு நேரத்தில் ஒரு விதமாகவும் இன்னொரு நேரத்தில் வேறு விதமாகவும் இருக்குமேயன்றி, இப்படி ஆறு இடத்திலும் ஒரே கிரமத்தில் வந்து நிற்காது. இருநூறு என்று காதில் விழுந்தது, 200 எழுதினாள். மூன்று என்று விழுந்தது, அதன் பக்கத்தில் 3 எழுதினாள். காது கேட்டதைக் கை ஒரு சொல்லும் விடாமல் எழுதியிருக்கிறது. இதைவிடக் கவனமாக ஒரு குழந்தை என்ன செய்ய முடியும்?

சென்ற வாரம் வாய்பாட்டைப் பற்றி எழுதியபோது, பிள்ளைகளின் பிழையைத் திருத்துவதற்குமுன் அதைப் படிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினேன். அதை இந்த வாரம் விரித்துச் சொல்லக் காரணம், இந்தப் பெண் எழுதிய முறை நம்முடைய முன்னோர்கள் பல நூறு ஆண்டுக் காலம் எழுதிவந்த முறை என்பதுதான்.

பழைய தமிழ் எண் லிபியில் ஒன்று முதல் ஒன்பது வரை தனித்தனிக் குறிகள் இருப்பதோடு, பத்துக்கு ௰ என்றும், நூறுக்கு ௱ என்றும், ஆயிரத்துக்கு ௲ என்றும் குறிகள் உண்டு, பூஜ்யம் கிடையாது. அம்முறையில் இருநூற்று மூன்று என்பது ௨௱௩. முந்நூற்று நாற்பது என்பது ௩௱௪௰. இரண்டு, நூறு, மூன்று என்று வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படியே கை எழுதிவிடும். எங்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரம் ஒன்றில் நிலத்தின் அளவு ௪௱௨௰ குழி என்று எழுதப்பட்டிருப்பதைச் சிறுவயதில் என் பாட்டனார் விரல் வைத்துக் காட்டிப் படித்தது நினைவிருக்கிறது. அவர் படித்ததற்கும் பேசியதற்கும் வித்தியாசமே இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லி எண்சுவடி படித்த காலத்தில், சொல்லும் எழுத்தும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் இருந்தன. மூன்றாம் வகுப்புப் பெண்ணின் 2003 என்பதில் நடுவில் நிற்கும் இரண்டு பூஜ்யங்களும் அவளுக்குப் பூஜ்யங்கள் அல்ல. அவை 'நூறு' என்ற சொல்லுக்கு அவள் போட்ட குறி, ௱ என்ற எழுத்தின் வேலையைச் செய்பவை. 500 சரியாக அமைந்ததற்கும் காரணம் அதுவே.

ஸ்தான மதிப்பு என்பது இதற்கு முற்றிலும் வேறான ஒரு யோசனை. அதிலே நூறு என்ற சொல்லுக்கு எழுத்தே இல்லை. 2 என்ற குறி நிற்கிற இடம்தான் அதை இருநூறாக்குகிறது. யாருமில்லாத பத்தின் இடத்தைக் காத்துக்கொள்ள ஒரு சுழியும் தேவைப்படுகிறது. குவாலியர் கோட்டையில் உள்ள சதுர்புஜர் கோயிலில், 876-ஆம் ஆண்டைச் சேர்ந்த சிலாசாசனம் ஒன்று இருக்கிறது. கோயிலுக்கு விடப்பட்ட நந்தவனத்தின் அளவு 270 முழத்துக்கு 187 முழம் என்றும், நாள்தோறும் 50 பூமாலைகள் தரவேண்டும் என்றும் அதில் வெட்டியிருக்கிறார்கள். அந்த 270-இலும் 50-இலும் சின்னஞ்சிறு வட்டமாகப் பூஜ்யம் நிற்கிறது. முழக் கணக்கில் பூ விற்கும் பெண்ணுக்கு இச்செய்தியைச் சொன்னபோது அவள் கேட்டது, "அம்பது மாலைக்கு எவ்வளவு பூ வேணும் தாத்தா?" என்பதுதான்.

இந்த யோசனை எளிதில் பரவிவிடவும் இல்லை. பீசா நகரத்து லியோனார்தோ 1202-இல் இவ்வெண்களை விளக்கி லத்தீன் மொழியில் நூல் எழுதிய பிறகும், ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1299-இல், பிளாரன்ஸ் நகரத்து நாணயமாற்று வணிகர் சங்கம் தன் அங்கத்தினர்கள் கணக்கேட்டில் இவற்றைப் பிரயோகிக்கலாகாது என்று தடை போட்டது. நாள்தோறும் பொன்னையும் வெள்ளியையும் எண்ணிப் பழகிய பெரியவர்களின் சங்கம் அது. அவர்களுக்கே நூறு ஆண்டில் பழகாததை எட்டு வயதுக் குழந்தை ஒரு பருவத்துக்குள் பழகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பைத் தவறு என்று சொல்லமாட்டேன். குழந்தைகளால் அது முடியும். ஆனால், எத்தனை பெரிய காரியத்தைச் செய்யச் சொல்கிறோம் என்பது சொல்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஓர் அனுகூலமும் ஒரு சங்கடமும் உண்டு. இருபத்து மூன்று, நாற்பத்தேழு என்று பத்தையும் ஒன்றையும் வரிசை மாறாமல் சொல்லிச் செல்வது நம் மொழி. ஜெர்மன் மொழியிலோ இருபத்து மூன்றை 'மூன்றும் இருபதும்' என்று தலைகீழாகச் சொல்லவேண்டியிருப்பதால், அங்கே பிள்ளைகள் 23-ஐ 32 என்று எழுதித் தடுமாறுகிறார்கள். நமக்குள்ள சங்கடம் ஒன்பதில் இருக்கிறது. எண்பதுக்கு அடுத்தது தொண்ணூறு. எண்ணூறுக்கு அடுத்தது தொள்ளாயிரம். நூறு ஆகாத எண்ணில் நூறும், ஆயிரம் ஆகாத எண்ணில் ஆயிரமும் ஒலிக்கின்றன. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்ற பெயர் வழங்கிய பழங்காலத்தின் சாயை அச்சொற்களில் தங்கியிருப்பது மொழி ஆராய்கிறவர்களுக்கு ஆனந்தமான விஷயம். காதில் விழுந்ததை எழுதுகிற குழந்தைக்கோ, தொள்ளாயிரத்து ஐந்தில் எத்தனை பூஜ்யம் போடுவது என்பது பெரிய பிரச்சினை.

எண்ணைச் சரியாக எழுதிவிட்டால் ஸ்தானம் புரிந்துவிட்டது என்றும் நம்பிவிடக் கூடாது. ஜெனீவாவில் பியாஜேயிடம் பயின்ற கான்ஸ்டன்ஸ் காமி என்ற அம்மையார் செய்துகாட்டிய ஒரு சோதனை உண்டு. நானும் பல பிள்ளைகளிடம் செய்து பார்த்திருக்கிறேன். பதினாறு புளியங்கொட்டைகளைக் கொடுத்து எண்ணச் சொல்லி, 16 என்று எழுதவும் சொல்லி, அந்த 6 எந்தக் கொட்டைகளைக் குறிக்கிறது என்று கேட்டால், பிள்ளை ஆறு கொட்டைகளைப் பிரித்துக் காட்டும். இந்த 1 எதைக் குறிக்கிறது என்றால், தயங்காமல் ஒரே ஒரு கொட்டையைத் தொடும். மீதி ஒன்பதும் ஏன் கிடக்கின்றன என்று கேட்டால் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்க்கும். அந்தப் பார்வைதான் பாடம் தொடங்குகிற இடம். பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் நாம் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடுகிறோம்.

கடையில் பிழையே செய்யாத பிள்ளை காகிதத்தில் தடுமாறுவது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. பிரேசில் நாட்டு ரெசீஃபே நகரத்தில், சந்தையில் விற்கும் ஐந்து பிள்ளைகளை மூன்று ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்ந்து 1985-இல் வெளியிட்ட கட்டுரை பிரசித்தமானது. தேங்காய் ஒன்று 35 குருசேரோ என்றால் பத்து எவ்வளவு என்று கேட்டதற்கு, மூன்று 105, இன்னொரு மூன்று சேர்ந்தால் 210 என்று ஏறி ஏறி 350-ஐ அடைந்த சிறுவன் அங்கேதான் இருந்தான். பத்தால் பெருக்கப் பூஜ்யம் போடு என்ற பள்ளிக்கூடத்து விதி அவன் கைக்கு வரவில்லை. சந்தையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், வெறும் எண்களாக எழுதிக்கொடுத்த கணக்குகளில் நூற்றுக்கு முப்பத்தேழுதான் சரியாகச் செய்தார்கள்.

இவ்விரண்டு கரைக்கும் பாலம் கட்டியவர்களில் மரியா மாண்டிசோரி அம்மையாரை நான் முதன்மையாக வைப்பேன். 1939-இல், அறுபத்தொன்பதாவது வயதில், அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று வந்த அவர், யுத்தம் காரணமாகத் திரும்ப முடியாமல் 1946 வரை இந்நாட்டிலேயே இருந்து, சென்னையிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அவருடைய சாதனங்களில் பொன்னிற மணிகள் பேர்பெற்றவை: தனிமணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணியின் சதுரம், ஆயிரம் மணியின் கனசதுரம். ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்த குழந்தைக்கு அது ஒன்றைக் காட்டிலும் எத்தனை கனம் என்பதைக் கை சொல்லிவிடும். அவற்றோடு எண் அட்டைகளும் உண்டு. ஒன்றின் அட்டை குட்டையானது, பத்தின் அட்டை அதைப்போல் இரண்டு மடங்கு நீளம், நூறின் அட்டை மூன்று மடங்கு.

சனிக்கிழமை காலையில், கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டி நான் செய்த அட்டைகளோடும், பத்துப் பத்தாக நூலால் கட்டிய ஈர்க்குச்சிகளோடும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்தோம். இருநூற்று மூன்று குச்சி வேண்டுமென்றேன். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு, அப்படி இரண்டு, தனிக்குச்சி மூன்று, எல்லாம் எடுத்துவைத்தாள். 200 என்ற அட்டையை எடுத்தாள், 3 என்ற அட்டையை எடுத்தாள், நோட்டில் எழுதியதைப் போலவே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நான் ஒன்றும் சொல்லாமல், மூன்றை எடுத்து, நீள அட்டையின் கடைசிப் பூஜ்யத்தின்மேல் பொருத்தி வைத்தேன். 203.

அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு நகத்தால் மூன்றை மெல்லத் தூக்கி உள்ளே பார்த்தாள்.

"சைபர் உள்ளயேதான் இருக்கு தாத்தா."

"இருக்கு அம்மா."

திரும்ப மூடினாள், திரும்பத் தூக்கினாள். அட்டைக் குவியலைக் கலைத்து 300-ஐயும் 40-ஐயும் தேடி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வலப்பக்க ஓரம் பார்த்து அடுக்கினாள். அது முடிந்ததும், நான் கேளாமலே, தொள்ளாயிரத்து ஐந்துக்கு எந்த அட்டை என்று தேட ஆரம்பித்தாள். ஆயிரம் என்று எழுதிய அட்டையைக் கையில் எடுத்து, குச்சிக் கட்டுகளைப் பார்த்துவிட்டு, அதைக் கீழே வைத்தாள்.