புளி ஏலம் கேட்கும் முன் நிலத்தைக் கேளுங்கள்

ஜவ்வாது மலையில் மாசி, பங்குனியில் புளி பழுத்துவிட்டால் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. கீழே இருந்து வரும் வியாபாரி ஒரு தொகை கேட்டால், ஊர்க்காரர் வீம்புக்கு அதற்கு மேல் கேட்கிறார். நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்துக்குப் புளி வருவதில்லை. இன்னொரு பக்கம், "காட்டு மகசூலை நான் ஏலம் எடுத்திருக்கிறேன்" என்று ஒருவர் ரசீதை நீட்டியதும், தலைமுறையாகப் பொறுக்கிய காட்டை விட்டு மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் ஒதுங்கிப் போகின்றன. மரம் எந்த நிலத்தில் நிற்கிறது என்று இருவருமே கேட்கவில்லை.

சாலையோரம், ஊராட்சிப் புறம்போக்கு என்றால் ஏலம் விடலாம். கேட்கும் முன் நிபந்தனைத் தாளை வாங்கிப் படியுங்கள். மீதிப் பணத்தைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் டேவணித் தொகை போய்விடும். மறு ஏலத்தில் குறையும் தொகையையும் உங்களிடமே வசூலிக்கும் நிபந்தனை பல ஏலங்களில் உண்டு. காய்ப்பை மரம் மரமாகப் பாருங்கள். உலுக்கும் கூலி, ஓடு நீக்கும் கூலி, வண்டி வாடகை கழித்து, கேட்கக்கூடிய உச்சத் தொகையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போட்டியாளர் அதைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

வனம் என்றால் கதை வேறு. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(1)(இ)யின்படி, மரபாகச் சேகரித்து வந்த பழங்குடியினருக்குப் புளி, கடுக்காய், தேன் போன்ற சிறு வன மகசூல் சொந்தம். சேகரிக்கவும் விற்கவும் கட்டணம் கிடையாது. எவர் எவ்வளவு அதிகம் கேட்டு ஏலம் எடுத்தாலும், அந்த ரசீது இந்த உரிமையைப் பறிக்காது. தன் பொருளுக்குத் தானே ஏலம் கேட்பது அநியாயம்.

ஆனால் உரிமையைக் காகிதத்தில் வாங்க வேண்டும். சமூக உரிமைக்கான 'பி' படிவத்தை நிரப்பி, கிராம சபை தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழுவிடம் கொடுங்கள். ஒரு சான்று போதாது. ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலத்தோடு பழைய அரசு ஆவணம் ஒன்றையாவது சேருங்கள். ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டியது குழுவின் கடமை. கிராம சபைத் தீர்மானத்துக்குப் பின் மனு கோட்டாட்சியர் தலைமையிலான உட்கோட்டக் குழுவுக்கும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். ஜமுனாமரத்தூர்க்காரர்களுக்கு திருவண்ணாமலை ஆட்சியர், புதூர்நாட்டுக்காரர்களுக்கு திருப்பத்தூர் ஆட்சியர். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். வாய்மொழியாக "முடியாது" என்று சொன்னால் அது உத்தரவே அல்ல.

"கோர்ட்டில் தடை இருக்கிறது" என்று இன்றும் அலுவலர் எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவதை முடக்கிய 2008-ஆம் ஆண்டு இடைக்கால ஆணையை உச்ச நீதிமன்றம் 2016-இலேயே நீக்கிவிட்டது. அதன் பிறகும் கோப்பு நகரவில்லை என்றால், அது அலுவலகத்தின் மெத்தனம்.

பழங்குடியினரின் வன உரிமையில் குறுக்கிட்டு மகசூலை எடுத்துச் செல்வது, 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஏலச் சீட்டைக் காட்டி மிரட்டுபவர் மீது காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: தொகையைச் சொல்லும் முன் நிலத்தைக் கேளுங்கள். வனம் என்றால், அடுத்த புளிப் பருவத்துக்குள் உங்கள் 'பி' படிவம் வன உரிமைக் குழுவிடம் இருக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வீடு திரும்பாதீர்கள்.