ஹாரி பாட்டர் ஊர்ல வீடு வாடகைக்கு!

மொத்தம் நாலே நாலு தெரு. பேர் வைக்கவும் ரொம்ப மெனக்கெடலை. ஹை ஸ்ட்ரீட், ஈஸ்ட் ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட். ஒரு ரவுண்டு நடந்தா ஊர் முடிஞ்சது. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் கவுன்டியில் இருக்கும் லேகாக் கிராமம்தான் இது.

'கேள்விப்பட்டதே இல்லையே'ங்கிறீங்களா? பார்த்திருப்பீங்க பாஸ்! 2001-ல் வந்த முதல் ஹாரி பாட்டர் படத்தில், ஹாக்வர்ட்ஸ் ஸ்கூல் காட்சிகள் சிலதை இந்த ஊர் அபேயில்தான் சுட்டாங்க. 1232-ல் கன்னியாஸ்திரி மடமா ஆரம்பிச்ச கட்டடம் அது. பி.பி.சி.யின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' (1995), 'க்ரான்ஃபோர்ட்' (2007), அப்புறம் 'டவுன்டன் அபே'னு யூனிட் மாத்தி யூனிட் வந்து இறங்கியிருக்கு. காரணம் சிம்பிள். தெருவில் தலைக்கு மேலே கரன்ட் கம்பி கண்ணுல படாது. நிக்கிற காரை நகர்த்தி, ரோட்டில் மண்ணைக் கொட்டினா 19-ம் நூற்றாண்டு ரெடி!

ஆனா மேட்டர் என்னன்னா, இது செட் இல்லை. உள்ளே குடும்பங்கள் இருக்கு. ஊருக்குள்ளேயே பிரைமரி ஸ்கூல் இருக்கு. 'ஜார்ஜ் இன்'னு ஒரு பழைய விடுதி இருக்கு. அங்கே அடுப்புப் பக்கத்தில் ஒரு சக்கரம். அந்தக் காலத்தில் அதுக்குள்ளே ஒரு நாயை ஓட விட்டு, கறி வாட்டுற கம்பியைச் சுத்த வெச்சிருக்காங்க. (மெக்கானிக்கல் பசங்க கவனிக்க... மோட்டாருக்கு முந்தைய மோட்டார்!)

இவ்வளவு பழசு எப்படித் தப்பிச்சது? ஒரு காலத்தில் கம்பளி வியாபாரத்தில் செழிச்ச ஊர். வியாபாரம் படுத்ததும், பழைய வீட்டை இடிச்சிட்டுப் புதுசா கட்டக் காசில்லை. நூற்றாண்டுக் கணக்கில் ஊர் பெரும்பாலும் ஒரே பரம்பரை கையில் இருந்தது. 1944-ல் மட்டில்டா டால்பட் என்ற அந்த வீட்டுப் பெண்மணி, அபேயையும் கிராமத்தின் பெரும்பகுதியையும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குத் தூக்கிக் கொடுத்துட்டார். அதாவது, கிட்டத்தட்ட ஊருக்கே ஒரே ஹவுஸ் ஓனர்!

வசிக்கிறவங்க பாடு? உத்தரம் தாழ்வா இருக்கும், ஜன்னல் சின்னது, குளிர்காலத்தில் கல் சுவர் சில்லுனு இருக்கும். இந்த மாதிரி பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் அனுமதி இல்லாம ஜன்னலை மாத்தினா இங்கிலாந்துச் சட்டப்படி கிரிமினல் குற்றம். பல வீடுகளில் கதவைத் திறந்தா நேரா தெரு. அங்கே கேமராவோட டூரிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது ஜன்னல்ல ஒரு மூஞ்சி எட்டிப் பார்த்தா எப்படி இருக்கும்?

இதுல செம காமெடி என்னன்னா, அந்த கேமரா சமாசாரம் வளர்ந்ததே இந்த ஊர்லதான். மட்டில்டாவின் தாத்தா ஃபாக்ஸ் டால்பட், 1835 ஆகஸ்ட்டில் சின்ன மரப்பெட்டியில் வெள்ளி உப்பு தடவின காகிதத்தை வெச்சு, அபேயின் ஒரு ஜன்னலைப் படம் பிடிச்சார். தபால் தலை சைஸ்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தா அந்த ஜன்னலின் சுமார் 200 கண்ணாடிச் சில்லையும் எண்ணலாம்னு எழுதி வெச்சிருக்கார். இன்னிக்கு வரை மிஞ்சியிருக்கிற கேமரா நெகட்டிவ்களில் அதுதான் பழசு. அங்கங்கே கிடந்த அந்தப் பெட்டிகளுக்கு அவர் மனைவி வெச்ச பேர், 'எலிப்பொறி'!

'இப்படி மியூசியத்துக்குள்ளே மாட்டிக்கிட்டு ஏன் இருக்கணும்?'னு தோணும். எனக்கும் முதலில் தோணுச்சு. ஆனா இங்கிலாந்தின் மற்ற அழகான கிராமங்கள் சிலதைப் பாருங்க. சிட்டி பணக்காரங்க வீக் எண்டுக்குனு வீடு வாங்கிப் போடுறாங்க. விலை எகிறி, உள்ளூர்ப் பசங்களால் அங்கே வாங்க முடியலை. குளிர்காலத்தில் பாதி ஜன்னல்ல விளக்கே எரியாது. ஆள் குறைஞ்சா ஸ்கூல், கடை, பஸ் எல்லாத்துக்கும் ஆபத்து. லேகாக்ல வீட்டை விலைக்கு வாங்குறதே கஷ்டம். பெரும்பாலும் வாடகைதான். அதனாலேயே நிரந்தரமா தங்குற ஆளுங்க மிஞ்சியிருக்காங்க. ஜன்னல்கூட மாத்த முடியாத கடுப்பு அவங்களுக்கு நியாயம்தான். இருந்தும் நான் டிரஸ்ட் கட்சி!

வீடு காலியானா வாடகைக்கு விடுவாங்க. ஆறடிக்கு மேலே வளர்ந்தவங்க மட்டும் உத்தரத்தை ஒரு தடவை அளந்து பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க!