மண்ணெண்ணெயில் மிதந்து வந்த பனியுகம்

திபெத் பீடபூமியில், கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய புல்வெளிகளில், ஒரு சாண வண்டு வாழ்கிறது. அஃபோடியஸ் ஹோல்டரரி என்பது அதன் அறிவியல் பெயர். அந்த உயரத்தையும் குளிரையும் விட்டு அது கீழே இறங்குவதில்லை. அதே வண்டின் தலைகளும் இறக்கை உறைகளும் இங்கிலாந்தின் சரளைக்கல் குவாரிகளில், பனியுகத்துச் சேற்றுக்குள், ஏராளமாகக் கிடைத்தன. 1973-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் கூப் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மாமத் யானையும் கம்பளிக் காண்டாமிருகமும் காட்டெருமையும் மேய்ந்த இங்கிலாந்தில் அவற்றின் சாணத்தைத் தின்று பெருகிய பூச்சிக்கு இன்று திபெத் மட்டுமே மிச்சம்.

இந்தச் செய்தியை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் எவ்வளவு வெயில் அடித்தது, எவ்வளவு குளிர் வாட்டியது என்பதை அரிசி அளவுகூட இல்லாத பூச்சித் துண்டுகளை வைத்துச் சொல்லிவிட முடிகிறது. அதைக் கணக்கிட்டுத் தருவதற்கென்றே ஒரு மென்பொருளும் இருக்கிறது. பெயர் பக்ஸ்செப். ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் பிலிப் பக்லேண்டும் பால் பக்லேண்டும் சேர்ந்து உருவாக்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதற்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதற்கு முன், அதற்குள் போகும் பூச்சி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

வண்டின் உடலைப் போர்த்தியிருப்பது கைட்டின் என்ற உறுதியான பொருள். காற்றுப் புகாத ஈரச் சேற்றிலும், சதுப்பு நிலத்தின் மட்கிய மண்ணிலும் அது அழியாமல் கிடக்கும். கல்லாக மாறிய புதைபடிவம் அல்ல இது. அந்த வண்டு உயிரோடிருந்தபோது அணிந்திருந்த அதே ஓடு, பல சமயம் அதே பளபளப்புடன், பச்சையும் செம்பும் கலந்த நிறம்கூட மாறாமல் வெளியே வரும். தலை, மார்புக் கவசம், இறக்கை உறை என்று தனித்தனியாகப் பிரிந்து கிடப்பதுதான் சிக்கல்.

அவற்றைச் சேற்றிலிருந்து பிரித்தெடுக்க உதவுவது மண்ணெண்ணெய். கிலோக் கணக்கில் சேற்றை அள்ளிவந்து தண்ணீரில் கரைத்து, 0.3 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசுகிறார்கள். சல்லடையில் தங்கியதை வாளியில் கொட்டி மண்ணெண்ணெய் விட்டுப் பிசைகிறார்கள். மிஞ்சிய எண்ணெயை வடித்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால், மெழுகுப் பூச்சுள்ள பூச்சி ஓடுகள் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு மேலே மிதக்கின்றன. செடிகொடிகளின் சிதைவுகளில் பெரும்பகுதி அடியில் தங்கிவிடுகிறது. மேலே வந்ததை வடித்து, சோப்புத் தண்ணீரில் எண்ணெய் போகக் கழுவி, ஆல்கஹாலில் போட்டு, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துத் துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டும். கூப்பும் அவருடைய சக ஆய்வாளர் பீட்டர் ஆஸ்போர்னும் 1960-களில் வகுத்துத் தந்த இந்த முறைதான் பெரிய மாற்றமில்லாமல் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அடுத்து வருவதுதான் உண்மையான உழைப்பு. ஒரு மார்புக் கவசத்தின் ஓரத்தில் எத்தனை குழிகள், இறக்கை உறையின் வரிகளுக்கு நடுவே மேற்பரப்பு எப்படிச் சொரசொரக்கிறது என்று பார்த்து, அருங்காட்சியகத்து இழுப்பறைகளில் ஊசி குத்தி வைத்திருக்கும் இன்றைய வண்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் வயிற்றுப் பகுதிக்குள் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பும் கெடாமல் கிடைக்கும். இனத்தைச் சந்தேகமறச் சொல்ல அதைவிட நல்ல சான்று இல்லை.

இந்த ஒப்பீட்டில்தான் கூப் பெரிய உண்மை ஒன்றில் வந்து நின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கரான சாமுவேல் ஸ்கட்டர், கனடாவின் டொரொன்டோ அருகே கிடைத்த பனியுக வண்டுகளைப் பார்த்து, இவை அழிந்துபோன இனங்கள் என்று புதுப்பெயர்களைச் சூட்டினார். அக்காலத்தில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். பழையது என்றால் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்பது பொது எண்ணம். ஸ்வீடன் நாட்டு வண்டியல் அறிஞர் கார்ல் லிண்ட்ரோத்தும், அவரையடுத்துக் கூப்பும் உண்மை நேர்மாறானது என்று காட்டினார்கள். வண்டுகள் அழியவில்லை, உருமாறவும் இல்லை. இடம் மாறிப் போயிருக்கின்றன. ஒரு நாட்டில் தேடிக் கிடைக்காத இனம் சைபீரியாவிலோ திபெத்திலோ ஸ்பெயினிலோ உயிரோடு இருக்கிறது. பனிப்பாறைகள் வந்து போன பல லட்சம் ஆண்டுகளில், புது உடம்புக்கு மாறுவதைவிடப் புது ஊருக்கு மாறுவது வண்டுகளுக்கு எளிதாக இருந்திருக்கிறது.

உருவம் மாறாததால், வண்டின் தேவைகளும் பெரும்பாலும் மாறவில்லை என்று கொள்ள இடம் கிடைத்தது. அப்படியானால் ஒரு வண்டு இன்று எந்தத் தட்பவெப்பத்தில் வாழ்கிறதோ, அதே தட்பவெப்பம்தான் அதன் பழைய ஓடு கிடைத்த இடத்திலும் ஒருகாலத்தில் நிலவியிருக்க வேண்டும்.

இதை எண்ணாக மாற்றும் முறையை டிம் அட்கின்சன், கீத் பிரிஃபா, ரஸ்ஸல் கூப் ஆகியோர் 1980-களில் உருவாக்கினார்கள். எம்.சி.ஆர். என்று துறையினர் சொல்வது இதைத்தான். ஓர் இனம் இன்று வாழும் இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறிக்கிறார்கள். அந்தந்த இடத்தின் வானிலைப் பதிவிலிருந்து இரண்டு எண்களை எடுக்கிறார்கள்: ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரி வெப்பநிலை, அதற்கும் மிகக் குளிரான மாதத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம். இவ்விரண்டையும் அச்சுகளாகக் கொண்ட கட்டத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனால் அந்த வண்டுக்கென்று ஒரு பரப்பு உருவாகும். அதுதான் அது தாங்கும் தட்பவெப்பத்தின் எல்லை. பிறகு ஒரே சேற்று அடுக்கில் சேர்ந்து கிடைத்த எல்லா வண்டுகளின் பரப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். ஒரு வண்டு 9 முதல் 16 டிகிரி வரையுள்ள கோடையைத் தாங்கும், இன்னொன்று 12 முதல் 22 வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே குட்டையில் செத்துக் கிடந்தால் அந்த ஊரின் கோடை 12-க்கும் 16-க்கும் இடையில்தான் இருந்திருக்க முடியும். இருபது முப்பது இனங்கள் சேர்ந்துவிட்டால் இடைவெளி இன்னும் குறுகிவிடும்.

இதன் அழகு, நிலவரைபடத்தை விட்டுவிட்டுத் தட்பவெப்பக் கட்டத்துக்கு நகர்ந்ததில் இருக்கிறது. திபெத்து வண்டையும் ஸ்காண்டிநேவியாவில் மட்டும் வாழும் இன்னொரு வண்டையும் ஒரே சேற்றில் கண்டால், நிலவரைபடம் கைவிரித்துவிடும். இரண்டும் இன்று சேர்ந்து வாழும் இடம் பூமியில் இல்லை. தட்பவெப்பக் கட்டத்திலோ இரண்டின் பரப்புகளும் ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கலாம். இன்று உலகில் எங்குமே இல்லாத ஒரு பூச்சிக் கூட்டம் வாழ்ந்த காலநிலையையும் சொல்ல முடிவது இதனால்தான்.

எல்லா வண்டுகளையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இலை தின்பவையும் மரம் துளைப்பவையும் விலக்கப்படுகின்றன, ஏனென்றால் அவை தம் செடியோ மரமோ வந்து சேரும்வரை காத்திருந்தாக வேண்டும். இரை பிடித்துண்பவையும் சாணம், அழுகல் போன்றவற்றைத் தின்பவையும் அப்படி எதற்கும் காத்திருப்பதில்லை. மனிதரை அண்டி வாழ்பவையும் ஏமாற்றும். ரோமானியர் கால யார்க் நகரின் தானியக் கிடங்கில் மூக்கு வண்டுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அவை சொல்வது கிடங்கின் கதையை. வெளியே அடித்த வெயிலைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

காலநிலை மாறும்போது மரம் பின்தங்க, வண்டு முந்திப் போகும் இந்த வேறுபாடுதான் ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பழைய காலநிலையை அறிய அதுவரை ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியது மகரந்தத்தை. வேல்ஸின் வடபகுதியில் கிளான்லினாய் என்ற இடத்தில் பனிக்கட்டி உருகி உண்டான குழியின் மண் அடுக்குகளைக் கூப்பும் ஜே. ஏ. பிரோஃபியும் ஆராய்ந்து 1972-இல் வெளியிட்டார்கள். மகரந்தம் மரமில்லாத வெற்று நிலத்தைக் காட்டிய அடுக்கில், வண்டுகள் இன்றைய பிரிட்டனுக்கு நிகரான கோடையைக் காட்டின. பிர்ச் மரங்கள் ஒருவழியாக வந்து பரவிய அடுக்கில் வண்டுகள் ஏற்கெனவே குளிரத் தொடங்கிவிட்டதென்று சொல்லின. மரமில்லாத இடம் குளிரான இடம் என்று பழகிய மனங்களுக்கு இது எளிதில் ஏறவில்லை. ஊஸ்டர்ஷயரின் அப்டன் வாரன் குவாரியிலும் அப்படித்தான்: சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் நடுவே, மரமே இல்லாத இதமான ஒரு காலம் வந்து போயிருக்கிறது.

1987-இல் அட்கின்சன், பிரிஃபா, கூப் மூவரும் கடந்த 22,000 ஆண்டுகளின் பிரிட்டன் வெப்பநிலையை வண்டுகளைக் கொண்டே கணித்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். பனியுகத்தின் உச்சத்தில் கோடையே 10 டிகிரியை ஒட்டித்தான். பனியுகம் முடியும் தறுவாயில் வெப்பம் படிப்படியாக ஏறவில்லை, தாவியது. பிறகு மீண்டும் கடுங்குளிருக்குச் சரிந்தது. சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் இன்னொரு முறை தாவியது. காலநிலை இவ்வளவு வேகமாக மாறுமா என்று ஐயப்பட்டவர்களுக்கு, 1990-களில் கிரீன்லாந்தின் பனிக்கட்டிக்குள் துளையிட்டு எடுத்த உருளைகள் பதில் தந்தன. சில பத்தாண்டுகளிலேயே தலைகீழாக மாறிய காலநிலை அங்கும் பதிவாகியிருந்தது. வண்டுகள் முன்னதாகவே சொல்லிவிட்டன. பூச்சி ஆய்வுக்குக் கிடைக்க வேண்டிய பெருமை இதில் முழுதாகக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

இந்த முறையில் குறைகள் உண்டு. குளிர்காலத்தை அது துல்லியமாகச் சொல்வதில்லை. வண்டுகள் அப்போது மண்ணுக்கும் பனிக்கும் அடியில் உறங்குவதால் வெளியே உள்ள கடுங்குளிர் அவற்றை நேரடியாகத் தாக்குவதில்லை. அதனால் கோடைக்குக் கிடைக்கும் எண் குறுகிய இடைவெளியிலும், குளிருக்குக் கிடைப்பது அகன்ற இடைவெளியிலும் வருகிறது. அந்த இடைவெளிக்குள் எந்தப் புள்ளி அதிகம் பொருந்தும் என்றும் அது சொல்வதில்லை. நடுப்புள்ளியை விடையாக எடுத்துக்கொள்பவர்கள் தவறு செய்கிறார்கள். ஒவ்வோர் இனமும் தன் எல்லைக்குள் எங்கே அடர்த்தியாக வாழ்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கும் முறைகள் பின்னர் வந்தன.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். இந்தக் கணக்கைக் கையால் போடலாம். ஆனால் ஒரு குவாரியில் பத்துப் பதினைந்து அடுக்குகள், அடுக்குக்கு நூறு இனங்கள் என்று வரும்போது கை ஓய்ந்துவிடும். ஜான் சாட்லர், பால் பக்லேண்ட், மைக் ரெயின்ஸ் ஆகியோர் 1990-களின் தொடக்கத்தில் ‘பக்ஸ்’ என்ற பெயரில் ஒரு பூச்சித் தரவுத்தளத்தை அறிமுகப்படுத்தினார்கள். அதை விரித்துத் தட்பவெப்பக் கணக்கையும் சேர்த்ததே பக்ஸ்செப். 2007-இல் பிலிப் பக்லேண்டின் முனைவர் பட்ட ஆய்வே இந்த மென்பொருளைப் பற்றியதுதான். கிடைத்த இனங்களின் பட்டியலை உள்ளிட்டால் பரப்புகளை அடுக்கி, பொதுவான பகுதியைத் திரையில் காட்டுகிறது. ஒவ்வோர் இனமாக நீக்கி நீக்கி மறுபடி கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு வண்டை நீக்கியதும் விடை ஐந்து டிகிரி நகர்ந்தால், அந்த வண்டின் அடையாளத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று பொருள். நீர்நிலை, சாணம், பட்டமரம், மேய்ச்சல் நிலம் என்று இனங்களின் வாழிடங்களைக் கூட்டிப் பார்த்து, அந்த இடம் அன்று எப்படி இருந்திருக்கும் என்பதையும் வரைபடமாகத் தருகிறது.

ஆனால் நான் அதைத் திறந்து பார்த்தபோது என்னைப் பிடித்து நிறுத்தியது கணக்கு அல்ல. ஓர் இனத்தின் பெயரைச் சொடுக்கினால் அது எங்கே, எந்தச் சூழலில், யாரால் பார்க்கப்பட்டது என்ற குறிப்புகள் அடுக்கடுக்காக வருகின்றன. பாதிரியார்களும் மருத்துவர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஓய்வு நாளில் கல்லைப் புரட்டி, சாணத்தைக் கிளறி, தேதியும் இடமும் எழுதி வைத்த ஒன்றரை நூற்றாண்டு உழைப்பின் சாறு அது. மென்பொருளுக்குக் காலநிலையைப் பற்றி எதுவும் தெரியாது. இந்த மனிதர்கள் எழுதி வைத்தது மட்டுமே அதற்குத் தெரியும். எவரும் போய்ப் பார்க்காத மலையில் ஒரு வண்டு வாழ்ந்தால், கட்டத்தில் அதன் பரப்பு சுருங்கும், விடையும் பிசகும்.

அதனால்தான் இத்துறையின் கவலைகளும் கணினியைப் பற்றியவை அல்ல. தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான இனங்கள் இருந்தும், தட்பவெப்பப் பரப்பு வரையப்பட்டவை சில நூறுதான். அவையும் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கும் வட ஆசியாவுக்கும் உரியவை. வட அமெரிக்காவுக்கு ஸ்காட் எலியாஸ் தனியே பாடுபட்டு அதே முறையைக் கொண்டுசென்றார். வெப்ப மண்டலத்துக்கு இந்த முறை இன்னும் தயாராகவில்லை. நம் நாட்டைப் போன்ற இடங்களில் ஆண்டைப் பிரிப்பது கோடைக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தைவிட மழைதான் என்பதால் அச்சுகளையே மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பரப்புகள் இருபதாம் நூற்றாண்டு வண்டுகளின் இருப்பிடத்தை வைத்து வரையப்பட்டவை. இப்போது பூமி சூடேறச் சூடேற வண்டுகள் வடக்கேயும் மலைமேலும் நகர்கின்றன. உழவும் சாலையும் பல இடங்களில் அவற்றைத் துடைத்துவிட்டன. ஒரு வண்டு இன்று ஓரிடத்தில் இல்லையென்றால், அது அங்குள்ள வெப்பத்தாலா, சதுப்பை வடித்து வயலாக்கியதாலா என்று பிரித்துச் சொல்வது கடினமாகிவிட்டது. பழைய சேகரிப்புகளில் வண்டுக்கு அடியில் ஊசியில் குத்தி வைத்திருக்கும் சின்னச் சீட்டுகளின் மதிப்பு இதனால் ஏறியிருக்கிறது. ரஸ்ஸல் கூப் 2011-இல் காலமானார். ஒரு மார்புக் கவசத் துண்டைப் பார்த்ததும் இனத்தைச் சொல்லக்கூடிய கண்கள் உலகில் எப்போதுமே சிலருக்குத்தான் இருந்திருக்கின்றன. உமியோவில் இந்தத் தரவுகளைத் தொல்லியல் தரவுகளோடு இணைத்து சீட் என்ற பெரிய தரவுத்தளத்துக்குள் சேர்த்து வருகிறார்கள். குவாரியிலிருந்து வரும் ஒவ்வொரு புதிய பட்டியலையும், யார் பார்த்து இனம் சொன்னார் என்பதோடு சேர்த்து, இன்னும் மனிதர்கள்தான் உள்ளிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.