உஷார்! மனைவிக்கு டியூப் டெஸ்ட் எடுக்கும் முன் கணவர் ரிப்போர்ட் எங்கே?

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும், "ஏதாவது விசேஷமா?" என்ற கேள்வி மருமகளைத்தான் துரத்தும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அவளைத்தான். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டியூப் டெஸ்ட், லேப்ராஸ்கோப்பி என்று அவளுடைய ஃபைல் தடித்துக்கொண்டே போகும். கணவரின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் மட்டும் அதில் இருக்காது. அப்படிப்பட்ட ஃபைல் உங்கள் வீட்டில் இருந்தால், உஷார்!

குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆணுக்கான முதல் பரிசோதனையில் ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவும் குறைவு. அதைத் தள்ளிப்போட்டுவிட்டு, கருப்பைக்குள் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் டியூப் டெஸ்ட்டுக்கு மனைவியைப் படுக்க வைப்பது அநியாயம். கணவருக்கு விந்தணுவே இல்லை என்று பிறகு தெரிந்தால், அவள் பட்ட வலிக்கு யார் பதில் சொல்வது?

அதைவிடக் கொடுமை, 'கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணினால் நிற்கும்' என்று டி அண்ட் சி செய்வது. குழந்தையின்மைக்கு அது சிகிச்சையே இல்லை. கருப்பையின் உள்சுவரைச் சுரண்டி எடுக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சுரண்டினால் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மாதவிலக்கு குறைந்து, கரு தங்கவே இடமில்லாமல் போகலாம். 'எதற்காக?' என்று கேளுங்கள். தெளிவான காரணம் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கணவர்மார்களே, பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். லேப் கொடுக்கும் டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். சாதாரண ஆணுறை, சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் கூடாது. வீட்டில் எடுத்தால் சட்டைக்குள் உடம்புச் சூட்டிலேயே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். முதலில் வரும் பகுதியில்தான் விந்தணு அதிகம். அது சிந்தியிருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ரிப்போர்ட்டே தப்பாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு கீழ் வரம்பு. அதற்குக் கீழே இருப்பவர்களும் அப்பாவாகியிருக்கிறார்கள். ஒரு விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். அந்த மாதங்களில் வந்த கடுங்காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து இடிந்துபோகாமல், டாக்டர் சொல்லும் இடைவெளியில் இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

எண்ணிக்கை குறைவு என்றதும் 'ஆண்மை கூடும்' என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அதுதான் என்னைப் பதற வைக்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை விதைகளுக்குக் கட்டளை அனுப்புவதையே நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும், சிலருக்குப் பூஜ்யமே ஆகிவிடும். நிறுத்திய பிறகும் மீண்டுவரப் பல மாதம் பிடிக்கும். ஜிம்மில் கொடுக்கும் ஸ்டீராய்டுக்கும் இதே கதிதான். போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மனைவிக்கு 35 வயது ஆகிவிட்டதா? ஒரு வருஷம் காத்திருக்காமல் ஆறு மாதத்திலேயே போங்கள், இருவரும் சேர்ந்து.