ஆடி முதல் வெளி வரை: காலால் அறியும் மதுரை

மதுரையில் வழி கேட்டால் பதிலில் பெரும்பாலும் ஒரு மாதத்தின் பெயர் இருக்கும். "நேரா போயி மேலமாசியில திரும்புங்க" என்பார் பூக்கட்டும் அம்மா. "கீழ ஆவணி மூல வீதி தாண்டி வந்துட்டீங்களே" என்பார் டீக்கடைக்காரர். மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒரு சதுரத்தைச் சூழ்ந்து இன்னொரு சதுரமாக வீதிகள் விரிகின்றன. எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதிகள்.

இந்த வீதிகளில் சாமி உலா வரும். பின்னால் ஊர் நடந்து வரும். பல்லக்குச் சுமப்பவரும் தேர்வடம் பிடிப்பவரும் நடக்கும் வேகத்துக்கு அளவெடுத்துக் கட்டிய ஊர் இது. அதனால்தான் காரில் வருகிறவர்களுக்கு மதுரை நெரிசலாகவும், நடந்து வருகிறவர்களுக்குத் திறந்த புத்தகமாகவும் இருக்கிறது. ஒரு நாளை ஒதுக்கி, உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டம் வரை நடந்து பாருங்கள். இருட்டும்போது 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்பீர்கள். உடற்பயிற்சி செய்தோம் என்ற நினைப்பே வராது.

விடியலில் கல் தரை

ஆடி வீதிகள் கோயில் மதிலுக்குள் இருக்கின்றன. செருப்பையும் செல்போனையும் வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விடியற்காலையில் கல் தரை குளிர்ந்திருக்கும். சுமார் 170 அடி உயரத் தெற்குக் கோபுரம் உட்பட நான்கு பெரிய கோபுரங்களையும் ஒவ்வொரு மூலையிலும் புதுக் கோணத்தில் பார்க்கலாம். கையில் போன் இல்லாததால் கண்கள் மேலே போகின்றன; கழுத்து நிமிர்கிறது; நடையும் தானாகச் சீராகிறது.

இந்த வட்டத்தைக் காலையிலேயே முடித்துவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெயில் ஏறியபின் கல் சுடும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களுக்கு அந்தச் சூடு உறைக்காது. கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் வெயில் நேரத்தில் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது.

வெளியே வந்தால் சித்திரை வீதிகள். இங்கே வாகனங்களுக்குத் தடை. மதிலை ஒட்டிய ஒரு சுற்று ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். கால் மணி நேர நடை. வயதானவர்கள் கைவீசி நடக்கிறார்கள், குழந்தைகள் அம்மாவின் கையை விட்டு ஓடுகின்றன. ஹாரன் சத்தம் இல்லாத வீதியில் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை இங்கே பார்க்கலாம். நடை வேகத்துக்கு ஓர் எளிய சோதனை: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் மிதமான உடற்பயிற்சி நடக்கிறது என்று பொருள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் இந்த வேகத்தில் உடல் அசைந்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சித்திரை வீதியை நாளொன்றுக்கு இரண்டு முறை சுற்றினால் அந்தக் கணக்கு தாராளமாக நிறைந்துவிடும்.

தேர் போகும் பாதை

இட்லியும் சட்னியும் சாப்பிட்டவுடன் உட்கார்ந்துவிட வேண்டாம். சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் மெதுவாக நடந்தாலும் தசைகள் ரத்தத்தில் சேரும் சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் (INDIAB) ஆய்வு மதிப்பிட்டது. இட்லிக் கடையிலிருந்து ஆவணி மூல வீதிக்குப் போகும் நடையை அந்த எண்ணோடு சேர்த்துப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

ஆவணி மூல வீதிகள் புட்டுத் திருவிழாவோடு பிணைந்தவை. வைகையில் வெள்ளம் வந்தபோது, வந்திக் கிழவிக்காகக் கூலி ஆளாக வந்து, புட்டை வாங்கித் தின்றுவிட்டு மண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படி பட்டான் இறைவன் என்கிறது திருவிளையாடல் கதை. இன்று தெற்கு ஆவணி மூல வீதியில் வரிசையாக நகைக் கடைகள். சந்துகளில் புகுந்தால் எழுத்தாணிக்காரத் தெரு, வெண்கலக் கடைத் தெரு, பச்சரிசிக்காரத் தெரு என்று பழைய தொழில்கள் பெயர்ப்பலகையில் தொடர்கின்றன. இந்தச் சந்துகளில் தொலைந்துபோகப் பயப்பட வேண்டாம். இரண்டு திருப்பம் தாண்டினால் ஏதாவது ஒரு கோபுரம் தலைகாட்டிவிடும்.

அடுத்தது மாசி வீதிகள். மீனாட்சி திருக்கல்யாணம் ஒரு காலத்தில் மாசியில் நடந்ததென்றும், திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றினார் என்றும் சொல்வார்கள். மாதம் மாறியது, தேர் போகும் பாதை மாறவில்லை. அதனால் சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில் ஓடுகிறது. நான்கு மாசி வீதிகளையும் நின்று பார்த்து நடக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். மேலமாசி, வடக்குமாசி சந்திப்பு அரசியல் பொதுக்கூட்டங்களால் பெயர்பெற்ற இடம்.

மேலமாசி வீதியில் ஒரு வீட்டின் முன் கட்டாயம் நிற்க வேண்டும். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அந்த வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். முழுத் துணி வாங்க வழியற்ற ஏழைகளை வழியெல்லாம் பார்த்துவந்த மனிதர் எடுத்த முடிவு அது. கீழே இப்போது கதர்க் கடை இருக்கிறது. அதே மனிதர் 1930இல், 60 வயதைக் கடந்த நிலையில், தண்டிக் கடற்கரைக்கு 24 நாள்களில் 380 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். நம் வயதைக் காரணம் காட்டித் தயங்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

கோட்டை இருந்த இடம்

மாசி வீதிகளுக்கு வெளியே ஒரு காலத்தில் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அவற்றை இடித்தும் தூர்த்தும் ஊரை விரித்தார். அப்படிப் பிறந்தவை வெளி வீதிகள். அந்தப் பணியில் ஈடுபட்ட மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயரில் இன்றும் வீதிகள் உள்ளன. கலெக்டரின் நினைவாக ஊரார் வைத்த விளக்குத்தூண் தென்கிழக்குப் பக்கம் நிற்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் பத்துத் தூண் சந்து. துணிக் கடைகளுக்கு நடுவே திருமலை நாயக்கர் அரண்மனையின் பத்துப் பெருந்தூண்கள் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. 1636இல் கட்டப்பட்ட அரண்மனை எத்தனை பெரிதாக இருந்தது என்பதை, இந்தச் சந்திலிருந்து இன்றைய மகாலுக்கு நடந்து வரும் தூரமே சொல்லிவிடும். அதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடக் காலால் அளப்பது நெஞ்சில் நிற்கும்.

மகாலின் நிழலில் உட்கார்ந்து பாதங்களுக்கு ஓய்வு கொடுங்கள். நண்பகல் 12 முதல் 4 மணி வரை மதுரை வெயிலில் நடப்பது வீரமல்ல. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். மோர், கம்பங்கூழ், பருவத்தில் நுங்கு, பதநீர் எல்லாம் நடப்பவருக்கு ஏற்றவை. விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா குடிக்காமல் வரவும் முடியாது. சுண்டக் காய்ச்சிய பாலும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அது சற்றுக் கனமான இனிப்பு. ஒரு டம்ளரை இருவர் பகிர்ந்துகொண்டால் ஆசையும் தீரும், உடலும் தாங்கும்.

மாலையில் தெப்பக்குளம்

வெயில் தாழ்ந்ததும் காமராஜர் சாலை வழியே கிழக்கே போகும் பேருந்தில் ஏறுங்கள். வழியில் வருகிறது காந்தி பொட்டல். அரையாடையில் காந்தி முதன்முதலாகக் கூட்டத்தின் முன் தோன்றிய இடம். தெப்பக்குளத்தில் இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 300 மீட்டர் நீளும் குளம். நடுவில் மைய மண்டபம். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கநாதரும் இங்கே தெப்பத்தில் வலம் வருகிறார்கள். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமானது என்பது ஊர் வழக்கு. குளத்தில் தண்ணீர் நிற்கும் நாள்களில் இங்கே ஈரக்காற்று வீசும். காலையும் மாலையும் நடப்பவர்கள் இந்தக் கரையை நிரப்புகிறார்கள்.

நாள் முழுக்க எத்தனை அடி நடந்தோம் என்று இங்கே உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. தினமும் 10,000 அடி என்ற இலக்கு மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. 2019இல் அமெரிக்காவில் முதிய பெண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு அபாயம், மிகக் குறைவாக நடந்தவர்களைவிட, தெளிவாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிக்குப் பிறகு பலன் மேலும் பெரிதாகக் கூடவில்லை. ஆகவே மூட்டுவலி உள்ளவர்கள் மனம் தளர வேண்டாம். உள்ளிருந்து இரண்டு வட்டங்கள் நடந்தாலே அன்றைய நாள் நல்ல நாள்.

வீதியைக் கேட்போம்

மதுரையில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய 'பசுமை நடை' சமண மலை, யானைமலை என்று குன்றுகளுக்கு மக்களைக் கூட்டமாக அழைத்துப் போனது. கல்வெட்டும் சமணச் சிற்பமும் எங்கோ இருக்கும் தொல்பொருளாக இருந்தது போய், தங்கள் சொந்தச் சொத்தாக அவர்களுக்குத் தெரியத் தொடங்கின. நடந்து பார்த்த இடத்தின் மீது மனிதர்களுக்கு உரிமையும் அக்கறையும் பிறக்கின்றன. உடலுக்குக் கிடைக்கும் நன்மைக்கு இணையான நன்மை இது.

ஆனால் அந்த உரிமையைச் சித்திரை வீதியைத் தாண்டியதும் இழந்துவிடுகிறோம். மாசி வீதிகளில் நடைபாதையில் பைக்குகள் நிற்கின்றன. சரக்கு வண்டிகள் தோளை உரசிப் போகின்றன. ஊன்றுகோலோடு வரும் பாட்டியும், குழந்தையைக் கைப்பிடித்து வரும் தாயும் சாலை நடுவே இறங்க வேண்டியிருக்கிறது. தினமும் நடங்கள் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு மருந்து தர வேண்டிய கடை நம் வீதிதான். அது மூடிக் கிடக்கிறது.

தேரோட்ட நாளில் இதே மாசி வீதிகளில் வண்டிகள் நிற்பதில்லை, லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள், ஊரின் வியாபாரம் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. வருடத்தில் ஒரு நாள் முடிவதை, ஞாயிறு தோறும் காலை 9 மணி வரையாவது செய்யலாம். முதலில் ஒரே ஒரு மாசி வீதியில் செய்து பார்க்கலாம். மாநகராட்சியிடம் அதை நாம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் அந்த வீதியில் ஒரு முறை முழுவதுமாக நடந்துவிட்டுப் போங்கள். எங்கே நடைபாதை அறுந்திருக்கிறது, எங்கே நிழல் இல்லை, எங்கே குடிநீர் வேண்டும் என்று ஆதாரத்தோடு பேச அந்த நடை உதவும்.