மேடாகும் அடைப்பு, இறங்கும் பல்

பல வருஷங்களுக்கு முன் கடைவாய்ப் பல்லில் வைத்த வெள்ளி அடைப்பு ஒரு நாள் நாக்கில் மேடாகத் தட்டுப்படும். அடைப்பு கிளம்பி வருகிறது என்றே பலரும் நினைப்பார்கள். அடைப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. சுற்றியிருந்த பல்தான் கரைந்து இறங்கிவிட்டது. அமில அரிப்பைக் காட்டும் அடையாளங்களில் இது மிகத் தெளிவான ஒன்று.

பல்லின் மேலுறையான எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு தாது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். பல்லைச் சுற்றியுள்ள ஈரத்தின் பி.எச். சுமார் 5.5-க்குக் கீழே போனால், அதாவது அந்த அளவுக்குப் புளிப்பேறினால், இந்தப் படிகம் கரையத் தொடங்கும். உள்ளிருக்கும் டென்டின் அதைவிட லேசான புளிப்புக்கே இளகும். சொத்தையில் கிருமிகள் சர்க்கரையிலிருந்து அமிலம் உண்டாக்குகின்றன. அரிப்பில் கிருமிக்கு வேலை இல்லை. உணவிலோ வயிற்றிலோ உள்ள அமிலம் நேராகப் பல்லில் படுகிறது. அதனால் தவறாமல் பல் தேய்ப்பவருக்கும் இது வரும்.

நாஞ்சில் நாட்டுச் சமையலில் புளிப்புக்குக் குறைவில்லை. தீயல், புளிமுளம் போன்ற குழம்புகளுக்குப் புளி வேண்டும். மீன் குழம்பில் குடம்புளியும் விழும். ஆனால் பழியைக் குழம்பின் மேல் போடுவது சரியல்ல. சோற்றோடு பிசைந்து விழுங்கும் குழம்பு பல்லில் தங்கும் நேரம் குறைவு; மெல்லும்போது ஊறும் உமிழ்நீரும் அமிலத்தைத் தணிக்கும். மோர் புளித்திருந்தாலும் அதிலுள்ள கால்சியம் எனாமல் கரையவிடாமல் பெருமளவு தடுக்கும். கெடுப்பது, வெயிலுக்குக் குடிக்கும் போஞ்சி என்ற எலுமிச்சைச் சாறும் கோலாவும்தான். எலுமிச்சைச் சாறு, கோலா இரண்டின் பி.எச்.சும் 3-க்குக் கீழே. மடமடவென்று குடித்து முடித்தால் உமிழ்நீர் சமாளித்துக்கொள்ளும். அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினால் அதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. உப்பும் மிளகாயும் தொட்டு நாளெல்லாம் மாங்காய் கடிப்பதும் இதே கணக்குத்தான். நெஞ்செரிச்சலில் மேலேறி வரும் வயிற்று அமிலம் இவற்றைவிடக் கடுமையானது. அது பெரும்பாலும் மேல் முன்பற்களின் உள்பக்கத்தைத் தின்னும்.

இதோடு உமிக்கரியும் சேரும்போது சேதம் கூடுகிறது. நெல் விளைந்த ஊர்களில் உமிக்குப் பஞ்சமில்லை. அதை எரித்த கரியால் பல் தேய்ப்பது பழைய வழக்கம். உமியில் சிலிக்கா நிறைய உண்டு, எரித்தாலும் அது போகாது. அமிலம் பட்டு இளகிய எனாமலை உமிழ்நீர் ஓரளவு மீண்டும் இறுக்கிவிடும். அதற்குள் கரகரத்த பொடியை வைத்துத் தேய்த்தால் இளகிய படலம் உரிந்துபோகும். போன எனாமல் திரும்ப வளராது.

அடைப்புகள் எல்லாம் அமிலத்தை ஒரே மாதிரி தாங்குவதில்லை. பாதரசத்தோடு வெள்ளி, தகரம், செம்பு கலந்த வெள்ளி அடைப்பு ஏறக்குறைய அப்படியே நிற்கும். பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட்டும் எனாமலைவிட நன்றாகவே தாங்கும். நாளாக நாளாக மேற்பரப்பு மட்டும் சொரசொரப்பாகும். அதிகம் அடிபடுவது கிளாஸ் அயனோமர் சிமெண்ட். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் அறிமுகப்படுத்திய இந்தச் சிமெண்ட், கண்ணாடிப் பொடியும் அமிலக் கரைசலும் கலந்து இறுகுவது. ஃபுளோரைடைக் கசியவிட்டுப் பல்லுக்கு நன்மை செய்தாலும், புளிப்பு ஓயாமல் பட்டால் தானும் கரையும்.

உண்மையான ஆபத்து பல்லும் அடைப்பும் சேரும் விளிம்பில் இருக்கிறது. எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவிச் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று 1955-இல் மைக்கேல் பூனகோர் காட்டினார். இன்றும் காம்போசிட் வைக்கும்முன் சில விநாடிகள் அமிலம் தடவிக் கழுவுகிறார்கள். அந்தப் பிடிப்புக்கு ஆதாரம் எனாமல்தான். அது கரைந்து பின்வாங்கினால் விளிம்பில் பள்ளம் விழும், கறை படியும், குளிர்ந்த தண்ணீருக்குக் கூசும். இடுக்கில் கிருமி புகுந்தால் அடைப்புக்கு அடியிலேயே சொத்தை பிடிக்கும்.

ஆகவே மேடான அடைப்பைத் தேய்த்துச் சமப்படுத்துவது மட்டும் வைத்தியம் ஆகாது. அமிலம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். புளிப்புக் குடித்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, பல் தேய்ப்பதைச் சற்றுத் தள்ளிப்போட்டு, ஃபுளோரைடு பற்பசைக்கு மாறுவது நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர் பொது மருத்துவரையும் பார்க்க வேண்டும். தேய்மானம் நின்ற பிறகு வைக்கும் காம்போசிட் நெடுநாள் இருக்கும். மேற்பரப்பு முழுவதும் போய்விட்ட பல்லுக்குக் கேப்தான் போட வேண்டிவரும்.